பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்று ஆராய்வோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதன்முறையாகக் களத்துக்குப் போகும் மாணவர்கள், சர்வே எடுக்கும் தொண்டு அமைப்பினர், சுகாதாரத் துறையிலிருந்து சமூக ஆய்வுக்கு வருபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் வந்தவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

பெருந்தொற்றுதான் முடிஞ்சு போச்சே, இப்ப போய் இதை ஆராய என்ன இருக்கு?

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐ 2020 ஜனவரி 30 அன்று சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. மார்ச் 11 அன்று அதைப் பெருந்தொற்று என்றது. 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்ததாகச் சொன்னது. இந்த மூன்றேகால் ஆண்டில் கிருமியைப் பற்றிய கேள்விகளுக்கு ஆய்வுக்கூடங்களில் உறைந்த மாதிரிகள் மிஞ்சியிருக்கின்றன. விதிகளோடு வாழ்ந்த அனுபவத்துக்கு இருக்கும் சேமிப்பு பெரும்பாலும் மக்களின் நினைவுதான். அது ஆண்டுக்கு ஆண்டு கரைகிறது.

தாமதமாக ஆராய்வதில் ஒரு லாபமும் உண்டு. அபராதமும் வழக்கும் தலைக்கு மேல் தொங்கியபோது வாய் திறக்காதவர்கள் இப்போது பேசுகிறார்கள். அடுத்த தொற்றுக்கான திட்டங்கள் எழுதப்படும்போது, போன முறை எந்த விதி எந்த வீட்டில் எங்கே முட்டி நின்றது என்று சொல்ல யாராவது வேண்டும்.

கட்டுப்பாடுன்னா ஊரடங்கு மட்டும்தானா? எதையெல்லாம் சேர்க்கணும்?

வீட்டை விட்டு வெளியேறத் தடை, கூட்டத் தடை, பள்ளி மூடல், பணியிட மூடல், பயணத் தடை, எல்லை மூடல், முகக்கவசக் கட்டாயம், தொற்றாளரைப் பிரித்து வைத்தல், தொடர்பில் இருந்தவரைத் தனிமைப்படுத்தல், இறுதிச் சடங்குக்கும் மருத்துவமனைப் பார்வையாளருக்குமான வரம்பு எல்லாமே கட்டுப்பாடுகள்தான். இவற்றை மொத்தமாகக் கட்டி ‘ஊரடங்கு அனுபவம்’ என்று கேட்டால் பதிலும் மொத்தமாகத்தான் வரும்: ‘ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.’ அதை வைத்து எதுவும் எழுத முடியாது.

களத்துக்குப் போகுமுன் விதி அட்டவணை ஒன்று தயாரியுங்கள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரிசை. பத்திகள்: அறிவித்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், தளர்த்திய நாள், யாருக்குப் பொருந்தியது, யாருக்கு விலக்கு, மீறினால் என்ன, அமல்படுத்தியது யார். கடைசியில் ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள்: ‘இங்குள்ளவர்கள் இதை எப்படிப் புரிந்துகொண்டார்கள்.’ நேர்காணல்கள் நடக்க நடக்க நிரம்ப வேண்டியது அதுதான். அரசாணையில் ஒன்று, ஒலிபெருக்கியில் ஒன்று, தெருமுனையில் நின்ற காவலர் சொன்னது ஒன்று என்று ஒரே விதி மூன்று விதமாக வாழ்ந்திருக்கும்.

கட்டுப்பாடு எவ்வளவு கடுமைன்னு சொல்ற குறியீடெல்லாம் ஏற்கனவே இருக்கே, அதை எடுத்துக்கிட்டா போதாதா?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தொகுத்த கடுமைக் குறியீடு ஒன்பது அளவுகளைச் சேர்த்து 0 முதல் 100 வரை மதிப்பெண் தருகிறது. பள்ளி மூடல், பணியிட மூடல், நிகழ்ச்சி ரத்து, கூட்ட வரம்பு, பொதுப் போக்குவரத்து, வீட்டிலிருக்கும் ஆணை, உள்நாட்டுப் பயணம், வெளிநாட்டுப் பயணம், விழிப்புணர்வுப் பிரசாரம் ஆகியவை அந்த ஒன்பது. அது அளப்பது அறிவிக்கப்பட்ட கொள்கையை. மதிப்பெண் 90 என்றால் காகிதத்தில் 90. தெருவில் எவ்வளவு என்று அது சொல்லாது.

கூகுளின் நடமாட்ட அறிக்கைகளையும் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அவை 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களின் இடைநிலை அளவோடு ஒப்பிட்டு, நடமாட்டம் எத்தனை சதவீதம் கூடியது அல்லது குறைந்தது என்று காட்டும். 2022 அக்டோபர் 15க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. இருப்பிட வரலாற்றை இயக்கி வைத்த ஸ்மார்ட்போன்காரர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். ஒப்பிடும் ஐந்து வாரமும் குளிர்கால விடுமுறையில் விழுந்த ஊர்களில் கணக்கே கோணலாகும். பின்னணி வரைபடமாக இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டிலிருந்தது பயத்தாலா, விதியாலா, போக இடமில்லாததாலா என்பதற்கு இவற்றில் பதில் கிடையாது.

‘சமூகம்’னு யாரைச் சொல்றது? ஒரு தெருவா, ஒரு ஊரா, ஒரே தொழில் பார்க்கிறவங்களா?

எந்த விதியை ஆராய்கிறீர்கள் என்பதே எல்லையைத் தீர்மானிக்கும். பள்ளி மூடலுக்கு ஒரே பள்ளியின் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு சமூகம். பயணத் தடைக்கு, எல்லையின் இருபுறமும் பிரிந்து நின்ற குடும்பங்கள் ஒரு சமூகம். தனிமைப்படுத்தலுக்கு, அடைக்கப்பட்ட குடியிருப்பு ஒரு சமூகம். அதற்குள்ளேயே சொந்த வீட்டுக்காரரும் அறையைப் பகிர்ந்து வாழ்ந்தவரும் வேறு வேறு.

பொதுவாக நடக்கும் தவறு, உள்ளூர்த் தலைவர் காட்டும் ஆட்களை மட்டும் சந்திப்பது. அவர் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களையும் தன்னோடு ஒத்துப்போகிறவர்களையும்தான் அனுப்புவார். அவர் தந்த பட்டியலிலிருந்து பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். சந்தித்த ஒவ்வொருவரிடமும், ‘உங்களுக்கு நேர்மாறா யோசிச்சவங்க யாராவது இருக்காங்களா?’ என்று கேட்டு அடுத்தவரைத் தேடுங்கள்.

சர்வே எடுக்கலாமா, நேர்காணல் எடுக்கலாமா?

‘எத்தனை பேர்’ என்றால் சர்வே; ‘எப்படி, ஏன்’ என்றால் நேர்காணல். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் பத்துப் பதினைந்து நேர்காணல், பிறகு சர்வே. வரிசை முக்கியம். மக்கள் எந்தச் சொல்லால் விதியைக் குறிக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதிய சர்வே கேள்வி, ஆய்வாளரின் அகராதியைத்தான் சோதிக்கும்.

சர்வேக்கு மாதிரி அளவு: 95% நம்பிக்கை, 5% பிழை எல்லை என்றால் எளிய தற்செயல் மாதிரிக்கு (எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கி எடுப்பது) 384 பேர். ஆனால் யாரும் எளிய தற்செயல் மாதிரி எடுப்பதில்லை. தெருத் தெருவாக, கொத்துக் கொத்தாகத்தான் எடுக்கிறார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே காவலரையும் ஒரே வதந்தியையும் பார்த்தவர்கள், அதனால் பதில்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு கொத்துக்கு 20 பேர், உள்ஒற்றுமைக் கெழு (ஒரே கொத்துக்குள் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.05 என்றால் பெருக்க வேண்டிய எண் 1 + 19 × 0.05 = 1.95, ஏறத்தாழ 2. ஆக 768 பேர். ஐந்தில் ஒருவர் மறுப்பார் என்றால் 960 வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

நேர்காணல்னா எத்தனை பேர் போதும்?

2006ல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வரிசையாகப் பிரித்துப் பார்த்தது. முதல் 12க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன. அதிலிருந்து ‘12 போதும்’ என்பது ஒரு மந்திரமாகிவிட்டது. ஓரளவு ஒரே மாதிரியான ஆட்கள், குறுகிய தலைப்பு என்ற நிபந்தனைகளை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். முதியோர், தினக்கூலித் தொழிலாளர், சுகாதாரப் பணியாளர் என மூன்று வகையினரை ஒப்பிட்டால் வகைக்கு 10 முதல் 12 என்று 36 வரை போகும்.

நிறுத்தும் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: ஒரு வகையில் தொடர்ந்து மூன்று நேர்காணல்களில் புதுக் குறி (பேச்சின் ஒரு பகுதி எதைப் பற்றியது என்று காட்டப் போடும் சிறு தலைப்பு) எதுவும் வராவிட்டால் அந்த வகையை நிறுத்தலாம். நேர்காணல் முடிந்த அன்றே குறியிட்டால்தான் இது தெரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொத்தமாகக் குறியிட உட்கார்ந்தால், செறிவு, அதாவது புதிதாக எதுவும் வராத நிலை, எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது.

‘விதியைக் கடைப்பிடிச்சீங்களா’ன்னு கேட்டா எல்லாரும் ‘ஆமா’ன்னுதான் சொல்றாங்க. உண்மையை எப்படி வாங்குறது?

அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. அது ஆய்வுக் கேள்வியாகக் காதில் விழாது, காவல் நிலையக் கேள்வியாக விழும். பதில் ‘ஆமா’ என்றுதான் வரும். அதைவிட முக்கியம், ‘கடைப்பிடித்தேன்’ என்பதும் ‘மீறினேன்’ என்பதும் இரண்டு பெட்டிகள். வாழ்க்கை நடந்தது இரண்டுக்கும் நடுவில்.

ஒரு குறிப்பிட்ட நாளைப் பிடியுங்கள். விதி அட்டவணையிலிருந்து ஒரு வாரத்தைத் தேர்ந்து, ‘அந்த வாரத்துல ஒரு நாளை நினைச்சுப் பாருங்க. காலைல எழுந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க? வீட்ல அப்ப யார் யார் இருந்தாங்க? முதல்ல வெளிய போனது யார், எதுக்கு? எந்த வழியா போனாங்க? யாராவது நிறுத்தினாங்களா? திரும்பி வந்ததும் என்ன செஞ்சாங்க?’ என்று நகருங்கள். ‘எந்த வழியா’ என்பது சின்னக் கேள்விதான். சோதனைச் சாவடியைச் சுற்றிப் போன சந்து பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வெளிவரும். ‘ஏன்’ என்ற சொல்லைக் கூடியவரை தவிருங்கள், அது கணக்குக் கேட்பது போல் இருக்கும். ‘அது எப்படி அப்படி அமைஞ்சுது?’ என்றால் அதே தகவல் கிடைக்கும்.

சர்வேயில் குற்ற உணர்வைக் குறைக்கும் முன்னுரை உதவும்: ‘விதிகள் அடிக்கடி மாறியதாலும் வேறு காரணங்களாலும் பலருக்கு எல்லா நேரமும் கடைப்பிடிக்க முடியவில்லை. அந்த விதி இருந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு எத்தனை நாள் அப்படி ஆனது?’ 12 நாடுகளில் நடந்த ஒரு சோதனையில் இப்படிப்பட்ட சொல்லாடல் ஒப்புக்கொள்பவர் எண்ணிக்கையைக் கூட்டியது.

பட்டியல் முறையும் உண்டு. பாதிப் பேருக்கு நான்கு சாதாரணச் செயல்கள், மீதிப் பேருக்கு அதே நான்கோடு கூச்சம் தரும் ஐந்தாவது ஒன்று. எவை என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். முதல் குழுச் சராசரி 1.9, இரண்டாவது 2.2 என்றால் வித்தியாசம் 0.3, அதாவது 30% பேர் அதைச் செய்திருக்கிறார்கள். தனி ஆளைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் பிழை எல்லை மிக அகலம், சில நூறு பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 2020ல் டென்மார்க்கில் இணையவழி இதைச் செய்தபோது, நேரடிக் கேள்விக்கும் பட்டியல் முறைக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. முகத்துக்கு நேராக ஆள் இல்லாதபோது மக்கள் ஓரளவு நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள் என்று அதை வாசிக்கலாம். ஆகவே எல்லா இடத்திலும் இந்தச் சிக்கலான முறை தேவை என்றில்லை.

2020ல நடந்ததை இப்ப கேட்டா ஞாபகம் சரியா இருக்குமா?

நாட்கள் சரியாக இருக்காது. நிகழ்ச்சிகள் ஓரளவு இருக்கும். இரண்டாவது அலையில் நடந்ததை முதல் அலையோடு சேர்த்துச் சொல்வது மிகச் சாதாரணம், ஏனென்றால் ஒரே மாதிரியான நாட்கள் நினைவில் ஒன்றாக மடிந்துவிடுகின்றன.

தாளில் மாதங்களைக் குறுக்கே எழுதிக் கோடு போடுங்கள்; இதுதான் நினைவுக் கோடு. முதலில் அவர் மறக்கவே முடியாதவற்றை அவரே குறிக்கட்டும்: வீட்டில் பிறப்பு, இறப்பு, வேலை போனது, தேர்வு, வீடு மாறியது, தனக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு உங்கள் விதி அட்டவணையிலிருந்து சிலவற்றைக் கோட்டுக்கு மேல் குறியுங்கள். இப்போது கேள்வி ‘ஜூன் மாதத்துல’ என்று தொடங்காது, ‘குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு’ என்று தொடங்கும். கைபேசியில் இருக்கும் படங்களின் தேதி, பழைய குரல்செய்தி, பயண அனுமதிச் சீட்டு, கையில் குத்திய தனிமைப்படுத்தல் முத்திரையின் படம் ஆகியவை பெரிய துணை. அவரே தேடிக் காட்டினால் பாருங்கள். கைபேசியை உங்கள் கையில் வாங்காதீர்கள்.

தொலைபேசியிலேயே பேட்டி எடுத்தா செலவு மிச்சமாச்சே?

மிச்சம்தான். 30 முதல் 40 நிமிடத்துக்கு மேல் ஓடாது, அவ்வளவே. குழுக் கலந்துரையாடலை மட்டும் தொலைபேசியில் முயலாதீர்கள். யார் பேசுகிறார் என்பதே ஒலிப்பதிவில் தெரியாது.

சிக்கல் தனிமையில் இருக்கிறது. ஒரு கைபேசியை நான்கு பேர் பகிரும் வீட்டில், ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத்தான் பேசுவார்கள். ஆரம்பத்திலேயே ‘இப்ப தனியா பேச முடியுமா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொன்னா போதும்’ என்று கேளுங்கள். இடையில் யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். குடும்ப வன்முறை பற்றி, அதற்கான பயிற்சியும் உதவி ஏற்பாடும் இல்லாமல் தொலைபேசியில் கேட்கவே வேண்டாம். நீங்கள் இணைப்பைத் துண்டித்த பிறகும் அவர் அதே வீட்டில்தான் இருப்பார்.

வெறும் பேட்டிதானே, இதுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேணுமா?

வேண்டும். மனிதர்களை ஆராயும் மருத்துவத்துக்கு 1964ன் ஹெல்சின்கி பிரகடனம் என்றால், சமூக ஆய்வாளர்களும் சாயும் சுவர் 1979ன் பெல்மாண்ட் அறிக்கை: மனிதருக்கு மரியாதை, நன்மை, நீதி. இந்தத் தலைப்பில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. ‘தடை இருந்தப்ப நான் வெளிய போனேன்’ என்று பதிவில் இருப்பது சில இடங்களில் சட்டப்படி ஒப்புதல் வாக்குமூலம். உங்கள் ஒலிக்கோப்பு ஒருவருக்கு எதிரான ஆதாரமாகிவிடக் கூடாது.

ஒலிப்பதிவு தொடங்கும் முன்பே, பெயரும் முகவரியும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதலை வாய்மொழியாகப் பதிவு செய்யலாமா என்று குழுவிடம் அனுமதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட தாளே சில நேரம் அவரை அடையாளம் காட்டும் ஒரே ஆவணமாகிவிடும். நேர்காணல் எண்ணையும் ஆளையும் இணைக்கும் சாவித் தாளை வேறு கணினியில், கடவுச்சொல்லோடு வையுங்கள். எழுத்தாக்கத்தை (ஒலியைக் கேட்டு எழுதிய படியை) சரிபார்த்ததும் ஒலியை அழியுங்கள், அழித்த நாளைக் குறித்து வையுங்கள். இறந்தவரின் பெயர், நோயுற்ற தேதி, மருத்துவமனை வார்டு மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அதனால் மூன்றில் இரண்டையாவது மறையுங்கள்.

பேசிக்கிட்டு இருக்கும்போதே அழுதுட்டாங்க. நிறுத்தணுமா?

உடனே நிறுத்துவதும் ஒரு விதத்தில் வாயை அடைப்பதுதான். அமைதியாக இருங்கள். பிறகு மூன்று வழியைச் சொல்லுங்கள்: கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடரலாம், வேறு விஷயம் பேசலாம், இன்றைக்கு இதோடு முடித்துக்கொள்ளலாம். தேர்வு அவருடையது. கடைசிப் பத்து நிமிடத்தை எப்போதும் லேசான கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிப் பேச்சு நின்ற இடத்திலேயே ஒலிப்பதிவியை அணைத்துவிட்டுக் கிளம்புவது கொடுமை.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியலைச் சேர்க்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். அது கேட்பது கடந்த இரண்டு வாரத்தை மட்டும். 2020ன் மனநிலையை அதைக் கொண்டு இன்று அளக்க முடியாது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ஒருவர் ‘உண்டு’ என்றால் அன்றே, அந்த இடத்திலேயே என்ன செய்வது, யாரை அழைப்பது என்ற திட்டம் இல்லாவிட்டால் அந்தப் பட்டியலையே தொடாதீர்கள்.

எதிர்வினைன்னா எதிர்ப்பு மட்டும்தானே?

எதிர்ப்பு கண்ணில் படும், அதனால் அதிகம் எழுதப்படுகிறது. 1897ல் புனேயில் பிளேக் காலத்தில் வீடு புகுந்து நடந்த சோதனைகள் மக்களைக் கொதிக்கவைத்து, பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்படுவது வரை போனது. 1919ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் முகக்கவச எதிர்ப்புக் கழகமே கூடியது. 2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடியிருப்பை எபோலாவுக்காக 21 நாள் அடைப்பதாக அறிவித்து, மோதல் வெடித்து, பத்து நாளில் திறந்துவிட்டார்கள்.

இவற்றுக்கு அடியில் சத்தமில்லாத எதிர்வினைகள் நிறைய: நேரத்தை மாற்றுவது, ஒருவருக்காக இன்னொருவர் போவது, விலக்குச் சீட்டைக் கைமாற்றுவது, அறிகுறியை மறைப்பது, முடியாத அண்டை வீட்டுக்கு முறை வைத்துத் தண்ணீர் கொண்டுபோவது. விதியைவிடக் கடுமையாக மக்களே தங்களைப் பூட்டிக்கொள்வதும் எதிர்வினைதான்; 1666ல் இங்கிலாந்தின் ஈயம் கிராமம் பிளேக் வெளியே பரவாமலிருக்கத் தன்னையே அடைத்துக்கொண்டது. பேரம் இன்னொரு வகை. மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் உடலை அதிகாரிகள் பையில் கட்டிப் புதைத்தபோது குடும்பங்கள் இறப்பையே மறைத்தன. மானுடவியலாளர்களும் மதத் தலைவர்களும் பேசிய பிறகு, 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் மரியாதையும் சேர்ந்த அடக்க நெறிமுறையை வெளியிட்டது. குடும்பம் தூரத்தில் நின்று பிரார்த்திக்க அதில் இடம் இருந்தது. மறைத்தலை ‘ஒத்துழையாமை’ என்று குறித்துவிட்டு நகர்ந்திருந்தால் இந்த மாற்றத்துக்கே வழி பிறந்திருக்காது.

கடைப்பிடிக்காதவங்க அறியாமையாலதான் அப்படிச் செஞ்சாங்கன்னு எழுதலாமா?

எழுதுவதற்கு முன் நான்கையும் பிரித்துப் பாருங்கள். ஒன்று, விதி தெரியவில்லை; இரண்டு, தெரிந்தது, ஆனால் முடியவில்லை; மூன்று, முடிந்தது, ஆனால் ஏற்கவில்லை; நான்கு, ஏற்றார், ஆனால் அதைவிடப் பெரிய கடமை ஒன்று குறுக்கே வந்தது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் தொற்றாளரைத் தனி அறையில் வைக்கச் சொல்லும் விதி இரண்டாவது வகை. படுக்கையில் இருக்கும் தாயைப் பார்க்கப் போனது நான்காவது. ‘அறியாமை’ என்ற ஒரே சொல் நான்கையும் விழுங்கிவிடும். தீர்வாகவும் விழிப்புணர்வுப் பிரசாரம் ஒன்றையே சொல்லவைக்கும்.

குறியிடல் ரெண்டு பேர் செஞ்சோம், ஒத்தே போகல. யாரோடது சரி?

இப்படி ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்துடுவாங்கன்னு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் அம்மாவைப் பார்க்கப் போவேன்.’ ஒருவர் இதற்கு ‘விதிமீறல்’ என்று குறி போடுகிறார். இன்னொருவர் மூன்று குறி போடுகிறார்: ‘பராமரிப்புக் கடமை’, ‘அண்டை வீட்டார் கண்காணிப்பு’, ‘நேரம் மாற்றுதல்’. இரண்டாமவருடையது மேல். முதல் குறி ஆணையிலிருந்து வந்தது, இந்த மூன்றும் பேசியவரின் வாயிலிருந்து வந்தவை. அவர் பயந்தது காவலருக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்கு என்பதையும் முதல் குறி தொலைத்துவிட்டது.

நடைமுறையில், முதல் மூன்று எழுத்தாக்கங்களை இருவரும் தனித்தனியே குறியிட்டு, உட்கார்ந்து சண்டை போட்டு, ஒவ்வொரு குறிக்கும் ‘எது சேரும், எது சேராது, ஓர் எடுத்துக்காட்டு’ என்று மூன்று வரி எழுதுங்கள். கப்பா கெழு (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, இருவரின் குறிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.6க்கு மேல் இருந்தால் கணிசமான ஒப்புமை என்பது வழக்கம். கருப்பொருள் பகுப்பாய்வில், அதாவது குறிகளைத் தொகுத்துப் பொதுக் கருத்துகளைத் தேடும் முறையில், எல்லோரும் அந்த எண்ணைக் கேட்பதில்லை; சண்டையில் பிறந்த மூன்று வரிதான் எண்ணைவிடப் பயன்படும். காலக் கணக்கையும் முன்பே போடுங்கள்: ஒரு மணி நேர ஒலியை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம்.

மக்கள் வீட்டுக்குள்ள இருந்தது விதியாலா, பயத்தாலான்னு எப்படிப் பிரிக்கிறது?

முழுதாகப் பிரிக்க முடியாது. பல இடங்களில் ஆணை வருவதற்கு முன்பே நடமாட்டம் குறையத் தொடங்கிவிட்டது. விதி நீங்கிய பிறகும் சிலர் வெளியே வரவில்லை. இந்த இரண்டு ஓரங்களில்தான் தடயம் இருக்கிறது.

நினைவுக் கோட்டில் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: ‘யாரும் சொல்றதுக்கு முன்னாடியே நீங்களா நிறுத்தின முதல் விஷயம் எது? போகலாம்னு சொன்ன பிறகும் நீங்க தொடங்காத விஷயம் எது?’ முதல் பதில் பெரும்பாலும் பயத்தின் பக்கம். இரண்டாவதில் பயமும் இருக்கும், பழக்கமும் இருக்கும், அந்த வேலையே இல்லாமல் போனதும் இருக்கும், தோண்டிப் பாருங்கள். பள்ளி மூடலும் போக்குவரத்துத் தடையும் ஒரே நாளில் வந்திருந்தால் ஒன்றின் விளைவு இது என்று எழுதாதீர்கள். இரண்டில் ஒன்று மட்டும் பொருந்திய ஆட்களை, அதாவது குழந்தை இல்லாத வீட்டாரையும் நடந்தே வேலைக்குப் போனவர்களையும் தேடி ஒப்பிடுங்கள்.

கண்டுபிடிச்சதை அந்த மக்கள்கிட்டயே போய்ச் சொல்லணுமா?

சொல்ல வேண்டும், அறிக்கை அச்சாவதற்கு முன்பே. ஒரு பக்கம், அவர்கள் பேசும் மொழியில், கூட்டமாக வாசித்துக் காட்டி, ‘இதுல எது தப்பு?’ என்று கேளுங்கள். அட்டவணையில் ஐந்துக்குக் குறைவாக இருக்கும் கட்டங்களை மறைத்துவிடுங்கள். 40 வீடு உள்ள குடியிருப்பில் ‘தனியாக வாழும் முதிய ஆண், 2 பேர்’ என்று போட்டால் எல்லோருக்கும் யாரென்று தெரியும். மேற்கோள்களையும் இதே கண்ணால் பாருங்கள். ஒருவரின் வழக்கமான பேச்சுத் தொனியே அவரைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரே வீட்ல கணவர் ஒண்ணு சொல்றார், மனைவி நேர்மாறா சொல்றாங்க. எதை எடுத்துக்கிறது?

இரண்டையும். ‘நாங்க யாருமே வெளிய போகல’ என்று அவர் சொல்கிறார். ‘நான் தினமும் போனேன்’ என்று அந்த அம்மா சொல்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொண்டு பாருங்கள். அவர் கணக்கில் தண்ணீருக்கும் மருந்துக்கும் போவது ‘வெளியே போவது’ ஆகாது. அந்தக் கணக்கில் வராத வேலை யாருடையது என்பது உங்களுக்குக் கிடைத்த தரவு. சராசரி எடுத்துச் சமன் செய்தால் அது போய்விடும்.

இருவரையும் தனித்தனியே, முடிந்தால் ஒரே நாளில், இரண்டு களப்பணியாளர்கள் ஒரே நேரத்தில் சந்திப்பது நல்லது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்கக் கூடாது. ‘அவர் இப்படிச் சொன்னாரே’ என்ற ஒரு வாக்கியம் வீட்டுக்குள் என்ன கிளப்பும் என்று உங்களால் கணிக்க முடியாது. எழுதும்போதும் இருவரின் மேற்கோளையும் ஒரே பக்கத்தில், ஒரே வீட்டு எண்ணோடு போடாதீர்கள். அறிக்கை அவர்கள் கைக்கும் போகும்.